மெக்னீசியம் மாத்திரை வாங்கும் முன்னால் கேவுரு (கேழ்வரகு) வாங்குங்கள்

குடியாத்தத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சதைப் பிடிப்பு விடும் என்று நம்பி, "மெக்னீசியம் மாத்திரை குடுங்கண்ணா" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். எந்தச் சதைக்காகக் கேட்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ராத்திரியில் இழுத்துக்கொள்ளும் கெண்டைக்கால் எலும்போடு ஒட்டிய சதை. வயதானவர்களின் அந்தப் பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாகப் பயன்படுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. மென்தசை வேறு. ரத்தக் குழாய், மூச்சுக்குழாய், குடல், கர்ப்பப்பை இவற்றின் சுவரில் இருந்துகொண்டு, நாம் சொல்லாமலே சுருங்கி விரிவது அது. கால்சியம் செல்லுக்குள் புகுந்தால் மென்தசை இறுகும். மெக்னீசியம் அந்த நுழைவைக் குறைக்கும், தசை தளரும். கடுமையான ஆஸ்துமாவில் மற்ற மருந்துகள் போதாதபோது 2 கிராம் மெக்னீசியம் சல்பேட்டை 20 நிமிடத்தில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது இதை நம்பித்தான். அது மருத்துவமனையில் பக்கத்திலேயே இருந்து கவனித்துச் செய்கிற சிகிச்சை. மாத்திரை விழுங்கி அந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

அன்றாடத் தேவைக்குச் சாப்பாடு போதும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 440 மில்லிகிராம், பெண்ணுக்கு 370. தீட்டிய அரிசி 100 கிராமில் 20 கூடத் தேறாது. அதே அளவு கேவுரில் ஏறக்குறைய 146 இருக்கிறது. கூடவே 50 கிராம் மல்லாட்டை (வேர்க்கடலை) சேர்ந்தால் இன்னொரு 100 கிட்ட வரும். ஒரு பெண்ணின் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே முடிந்தது. நம் பக்கத்துக் களியும் மல்லாட்டைத் துவையலும் ஆடி மாதத்தோடு நின்றுபோகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கூழ் காய்ச்சுவதாக இருந்தால் முந்தின நாளே கேவுரு மாவைக் கரைத்துப் புளிக்க விடுங்கள். தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் மெக்னீசியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும். புளித்தால் அது குறையும். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் கரைசலை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறினால் சரி. கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், கரைந்த மெக்னீசியம் அதோடு போய்விடும். ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பேதியுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் மெக்னீசியம் சல்பேட்தான். ஆனால் வயிறு போவதற்குக் காரணம் குடல் தசை தளர்வது இல்லை, உப்பு தண்ணீரைக் குடலுக்குள் இழுப்பது.

டாக்டரே மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அட்டையை நன்றாகப் படியுங்கள். 400 மில்லிகிராம் மெக்னீசியம் ஆக்சைடு என்று போட்டிருந்தால் அதில் மெக்னீசியம் மட்டும் 240 அளவுதான். சிறுநீரகம் பழுதானவர்கள் தாமாக இதைத் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் ரத்த அழுத்தம் விழும், மூச்சும் தளரும். மெக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கோ மெக்னீசியம் குறைந்துபோகலாம். ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் மெக்னீசியம் மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள்.