தாத்தா பெயர் முத்துசாமியா? அது எங்கிருந்து வந்தது என்று இப்படித் தேடுங்கள்

கூகுளில் தேடினால் 'முத்தைப் போன்றவர்' என்று ஒரு வரியோடு முடித்துவிடும், அதை நம்பி உட்கார வேண்டாம். முதலில் வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் போய், எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று கேளுங்கள். வைத்தீஸ்வரன்கோயில் என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே முருகனுக்குப் பெயரே செல்வமுத்துக்குமாரசாமி. திருவாரூரில் இருந்த ராமசாமி தீட்சிதர் அந்தச் சந்நிதியில் பிள்ளை வரம் கேட்டு, 1775இல் மகன் பிறந்ததும் சாமி பெயரையே வைத்தார் என்பார்கள். அந்தப் பிள்ளைதான் முத்துசாமி தீட்சிதர். பின்னாளில் தன் கீர்த்தனைகளில் கையெழுத்துப் போல 'குருகுஹ' என்று அவர் போட்ட முத்திரையும் முருகன் பெயரே.

மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு என்றால் இன்னொரு வழியையும் பாருங்கள். அம்மைக் கொப்புளத்தையும் நாம் முத்து என்றுதானே சொல்கிறோம்? முத்துமாரிக்கு வேண்டிக்கொண்டு 'முத்து' என்று தொடங்கும் பெயர் வைத்திருக்கலாம்.

அப்புறம் தாத்தாவின் தாத்தா பெயரை விசாரியுங்கள். பேரன் என்றாலே பெயரன், அதனால் ஒரு தலைமுறை விட்டு அதே பெயர் எட்டிப் பார்க்கும். பழைய பத்திரம் கிடைத்தால் எழுத்தைக் கவனியுங்கள்: எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் ஒரே ஆள் முன்பக்கம் முத்துசாமி, பின்பக்கம் முத்துச்சாமி, சாட்சி எழுதியவர் கையில் முத்துஸ்வாமி. மூன்றையும் போட்டுத் தேடினால்தான் அகப்படும்.

கப்பலேறிப் போன குடும்பம் என்றால் குடும்பப் பெயர்களுக்கு நடுவே தேடுங்கள். 1854 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் போன, கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இது குடும்பப் பெயராகிவிட்டது, எழுத்தும் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தபடி. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இருந்த எர்னஸ்ட் முத்துசாமி அந்தத் தீவுக்காரர். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் செனுரன் முத்துசாமிக்கும் இது குடும்பப் பெயர்தான்.

இன்னொன்று, தெருவிளக்கில் படித்தார் என்று சொல்லப்படுபவரும் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியுமான சர் தி. முத்துசாமி ஐயரையோ, கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் ந. முத்துசாமியையோ சட்டென்று உறவாக்கிக்கொள்ளாதீர்கள். பழைய ஊர்களில் தெருவுக்கு இரண்டு முத்துசாமி இருப்பார்கள், 'எந்த முத்துசாமி, மேலவீட்டாரா?' என்று கேட்டுத்தான் ஆளையே பிரிப்பார்கள்.