மூன்று மொழிக் குரல், ஒரே பாட்டு: வேலூரிலிருந்து சொந்தப் பாட்டு வெளியிடுவது எப்படி?

எங்கள் வீட்டில் அம்மா தெலுங்கில் திட்டுவார், அப்பா தமிழில் சமாதானம் சொல்வார், பக்கத்து வீட்டு காலா (உருதுவில் சித்தி) உருதுவில் தீர்ப்பு வழங்குவார். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த ஊர்கள் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1911 வரை, இன்று ஆந்திராவில் இருக்கும் சித்தூர்தான் தலைமையிடம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லைட் மியூசிக் மேடைகளில் பல வருடம் பாடினேன். வளைகாப்பில் தமிழ், ரிசப்ஷனில் தெலுங்கு, முஸ்லிம் கல்யாண வலீமா விருந்தில் உருது. கைதட்டல் நிறைய. என் பெயரில் ஒரு பாட்டுகூட இல்லை. அதைச் சரிசெய்யப் போனபோது கற்றதை, புதிதாக வருபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில்: பாட்டு யாருடையது?

மைக் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பாட்டை முடிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டை கவர் செய்தால் பார்வை வரும், சரி. ஆனால் உரிமையுள்ள பாட்டுகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி மெட்டைக்கூட அடையாளம் கண்டுவிடும். விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகலாம். சொந்தப் பாட்டுதான் உங்களுக்குச் சொத்து.

வரிகள் எழுத வரவில்லையா? இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. பாரதி மறைந்தது 1921, உருதுக் கவிஞர் காலிப் மறைந்தது 1869. இருவரையும் தாராளமாகப் பாடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பொதுவானது வரிகள்தான். நாம் கேட்டுப் பழகிய மெட்டு பின்னால் வந்த ஓர் இசையமைப்பாளருடையதாக இருக்கலாம். அதனால் மெட்டை நீங்களே போடுங்கள்.

மெட்டு போடும்போது வார்த்தையே வேண்டாம். ‘தன்னன தானே’ என்று தத்தகாரத்தில் பாடி போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம் எந்த இடத்தில் எந்த மொழி உட்காருகிறது என்று பாருங்கள். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். நீட்டிப் பாடுகிற இடத்துக்கு வாகானவை. தமிழில் ‘ம்’, ‘ன்’, ‘ள்’ என்று மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் அதிகம்; நீட்டலை அதற்கு முந்தைய உயிரிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மூன்று மொழியையும் ஒரே வரியில் திணித்தால் கதம்பச் சாதம்தான். பல்லவி ஒரு மொழி, சரணம் இன்னொன்று. முதல் பாட்டுக்கு அது போதும்.

அடுத்து: கட்டை

உங்கள் கட்டையை, அதாவது பாடும் சுருதியை, தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கட்டை என்றால் கீபோர்டில் சி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். பெண் குரல்களுக்குப் பெரும்பாலும் ஐந்தை ஒட்டி வரும், ஆண்களுக்கு ஒன்றை ஒட்டி. பாட்டின் உச்ச ஸ்வரத்தைக் காலை ஆறு மணிக்கும் சிரமமில்லாமல் தொட முடிந்தால் அதுதான் சரியான சுருதி. கீபோர்டுக்காரருக்கு வசதி என்று மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அறையும் சாமானும்

நம் ஊரில் ரெக்கார்டிங்குக்கு முதல் எதிரி மின்விசிறி. மே மாதம் 40 டிகிரி வெயிலில் அதை நிறுத்திவிட்டுப் பாடிப் பாருங்கள், புரியும். நான் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பாடுவேன். பாங்கும் கோயில் ஒலிபெருக்கியும் தொடங்குவதற்குள் நான்கைந்து டேக் எடுத்துவிடலாம். காட்பாடி பக்கம் வீடு என்றால் ரயில் ஹாரனோடும் போராட வேண்டும்.

எதிரொலி குறைய, துணிகள் அடைத்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு ஜமுக்காளம் தொங்கவிடுங்கள். பார்க்கச் சலவைக்கடை மாதிரி இருக்கும். சத்தம் நன்றாக இருக்கும்.

மைக்கில் எல்லோரும் கண்டென்சர் வகையை வாங்கச் சொல்வார்கள். அதற்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். அது பரவாயில்லை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலேயே பொத்தான் இருக்கும். ஆனால் கண்டென்சர் உங்கள் குரலோடு எதிர்வீட்டுக் குக்கர் விசிலையும் அழகாகப் பிடிக்கும். சாதாரண வீட்டு அறைக்கு மேடையில் பிடிக்கிற டைனமிக் மைக்கே மேல் என்பது என் கட்சி. அதோடு இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்போன், ‘ப’ சொல்லும்போது அடிக்கும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், இவ்வளவுதான். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ஆடாசிட்டி, பேண்ட்லேப் இரண்டும் இலவசம்.

பாடும்போது

மென்பொருளில் பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. உச்சத்தில் பாடினாலும் மென்பொருள் காட்டும் ஒலி அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்த டேக்கை எந்த மிக்ஸிங்காலும் (குரலையும் இசையையும் கலந்து சீராக்குவது) காப்பாற்ற முடியாது. உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்டால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானைப் போடுங்கள்.

ஒவ்வொரு மொழிப் பகுதியையும் தனித்தனி நாளில் பாடுங்கள். ஒரு மொழியில் வாய் சூடேறிய பிறகு அடுத்ததற்குத் தாவினால் உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளும். பாடியதை அந்த மொழி பேசுகிறவர் ஒருவரைக் கேட்கவையுங்கள். காலா என் உருது வரியைக் கேட்டுவிட்டு, “பேட்டி (மகளே), இது பாட்டா, ரேஷன் கடை வரிசையா?” என்றார். அவ்வளவு அவசரமாம். நம் ஊர்த் தக்கினி உருதுவில் அடித்தொண்டைக் ‘க’ காற்று கலந்த ‘ஃக’ ஆகிவிடும். கஜல் பாடினால் திருத்திக்கொள்ளுங்கள். தெருப்பேச்சில் எழுதிய பாட்டென்றால் அப்படியே விடுங்கள், அதன் ருசியே அதில்தான்.

மிக்ஸிங்கை முதல் பாட்டுக்கு இன்னொருவரிடம் கொடுப்பது நல்லது. நீங்களே செய்வதாக இருந்தால் குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டுங்கள், எக்கோவை நினைத்ததில் பாதி போடுங்கள். மேடைப் பழக்கத்தில் நமக்கு எக்கோ ஆசை ஜாஸ்தி. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும்.

காகிதம்

என் முதல் பதிவைக் காசு கொடுத்து ஒரு ஸ்டூடியோவில் செய்தேன். ஆறு மாதம் கழித்து, என் குரல் மட்டும் உள்ள டிராக்கைத் தரச் சொன்னேன். “அது எங்க பாட்டும்மா” என்றார்கள். என்னிடம் ரசீதுகூட இல்லை.

ஆகவே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வரிகள் யார், மெட்டு யார், பதிவுக்குப் பணம் போட்டது யார், மாஸ்டர் (முடித்த இறுதிப் பதிவு) யாருக்குச் சொந்தம், வருமானத்தில் யாருக்கு எத்தனை சதவீதம். பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் எடுத்துக்கொள்வார்கள். தபேலா வாசித்த நண்பரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். வரியும் மெட்டும் உங்களுடையது என்றால் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம்.

வெளியீடு

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்குப் பாட்டை விநியோகஸ்தர் வழியாகத்தான் அனுப்புவோம். அப்படிப்பட்ட நிறுவனங்களில் டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா; சிடி பேபி பாட்டுக்கு ஒரு முறை கட்டணம். சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடுமா என்பதைச் சேரும்முன் படியுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். பாட்டின் அந்தப் பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி என்ற எண் கிடைக்கும், எழுதி வையுங்கள்; விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண் தொடர வேண்டும். அதே பாட்டை முழுத் தமிழில் தனியாகப் பாடி வெளியிட்டால் அதற்கு வேறு எண்.

பாட்டை ஏற்றும் படிவத்தில் மொழி என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும் என்றால் பல்லவியின் மொழியைக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் உங்கள் பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓர் எழுத்துக் கூடினால்கூட அங்கே நீங்கள் இரண்டு ஆள். வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள்.

பணம்? ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்துக்குள் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசா வராது. சோறு போடுவது இன்னும் மேடைதான். அதனால் நேயர் விருப்பங்களுக்கு நடுவே உங்கள் பாட்டையும் ஒன்று செருகுங்கள். அதற்குக் குரல் இல்லாத மைனஸ் டிராக் வேண்டும். மிக்ஸ் முடிந்த அன்றே அதையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், “ஹார்டு டிஸ்க் போயிடுச்சும்மா” என்பார்கள்.