அரசு டெண்டரைப் படிப்பது எப்படி: தகுதி நிபந்தனையிலிருந்து தொடங்குங்கள்

ஒப்பந்தம் எடுக்க விரும்புகிறவர்களுக்கான பதிவு இல்லை இது. தன் ஊர் நகராட்சியோ மருத்துவமனையோ என்ன வாங்குகிறது, எப்படி வாங்குகிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் சாதாரண மக்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பகுதியில் தெருவிளக்குகளை எல்இடியாக மாற்றுவதற்கான டெண்டரைப் படித்தபோது நானாகவே கண்டுபிடித்த வழிமுறை இது. விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் யாரெல்லாம் போட்டிக்கு வரலாம் என்பது நிறுவனங்கள் கேட்கும் விலையைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, தகுதி நிபந்தனையில் முடிவாகிவிடுகிறது. கவனம் அங்கேதான் இருக்க வேண்டும்.

1. ஆவணத்தை இறக்குங்கள்

தமிழ்நாடு அரசின் இ-டெண்டர் தளத்துக்குப் போய் 'டெண்டர்ஸ் பை ஆர்கனைசேஷன்' மூலம் துறையைத் தேடுங்கள். பார்ப்பதற்கு லாகின், டிஜிட்டல் கையொப்பம் எதுவும் தேவையில்லை, கேப்சா போட்டால் போதும். பிரவுசரின் பேக் பட்டனை அழுத்தாதீர்கள், பக்கம் காலாவதியாகிவிடும். தளத்துக்குள் இருக்கும் பேக் இணைப்பையே பயன்படுத்துங்கள். இந்த வேலைக்கு மொபைல் சரிப்படாது, மடிக்கணினிதான் வேண்டும். விலைப்பட்டியல் (பிஓக்யூ) எக்செல் கோப்பாக வரும். படிப்பதற்கு லிப்ரே ஆஃபீஸே தாராளம், காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

திருத்த அறிவிப்பு (கொரிஜெண்டம்) இருந்தால் அதையும் சேர்த்து இறக்குங்கள். பழைய நிபந்தனையையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்காகக் கதவு திறந்தது, யாருக்கு மூடியது என்று தெரியும்.

2. நாட்களை எண்ணுங்கள்

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல். மதிப்பு 2 கோடி ரூபாய் வரை என்றால் குறைந்தது 15 நாட்கள், அதற்கு மேல் என்றால் 30 நாட்கள் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும் என்கின்றன அந்த விதிகள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவகாசம் குறைவாக இருந்தாலே தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

3. தகுதி நிபந்தனை: இங்கே நிதானமாக இருங்கள்

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. 'மூன்று ஆண்டு சராசரி விற்றுமுதல் (டர்ன்ஓவர்) இவ்வளவு', 'இதே போன்ற பணி செய்த அனுபவம்' என்று வரிசையாக இருக்கும். எது நியாயம், எது அதிகம் என்று எப்படிச் சொல்வது? ஒரு அளவுகோல் இல்லாமல் சொல்ல முடியாது.

நான் பயன்படுத்தும் அளவுகோல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் பணி ஒப்பந்தங்களுக்காக வெளியிட்ட குறிப்பு. சராசரி ஆண்டு விற்றுமுதல், பணியின் மதிப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம். அனுபவத்துக்கு, கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 சதவீதம் அளவில் மூன்று பணிகள், அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. அதாவது 1 கோடி ரூபாய் வேலைக்கு 30 லட்சம் விற்றுமுதல், 80 லட்சத்தில் ஒரு பணி போதும். அதே வேலைக்கு 5 கோடி விற்றுமுதல் கேட்டால் சிறு நிறுவனங்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். இந்தக் குறிப்பு மாநிலத் துறைகளைக் கட்டுப்படுத்தாது. பொருள் கொள்முதலுக்காக எழுதப்பட்டதும் இல்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் தொழில்நுட்ப விவரக்குறிப்பு. விளக்கு எவ்வளவு வெளிச்சம் தர வேண்டும், மின்னழுத்த ஏற்றத்தை எவ்வளவு தாங்க வேண்டும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டால் அது நல்ல குறிப்பு. விளக்குக் கூட்டின் நீளம், அகலம், எடை எல்லாம் மில்லிமீட்டர், கிராம் சுத்தமாக, கூடக்குறைய இடமே இல்லாமல் எழுதப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து இணையத்தில் தேடுங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் கையேட்டில் வார்த்தை மாறாமல் வந்தால், அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. விலை

கட்டுமானம் என்றால் பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பொருள் என்றால் மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் அதே பொருளைப் பாருங்கள். ஜிஎஸ்டி, போக்குவரத்து, பொருத்தும் கூலி, உத்தரவாதக் காலம் நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் 'இரண்டு மடங்கு விலை' என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். நேர்மையான அதிகாரி ஒருவருக்கு அது பெரிய அநியாயம்.

5. கேள்வியை முன்னதாகவே அனுப்புங்கள்

டெண்டர் பக்கத்தில் முக்கியத் தேதிகள் என்ற பகுதியில் விளக்கம் கேட்பதற்கான கடைசி நாளும், டெண்டர் போடுவதற்கு முன் ஒப்பந்தக்காரர்களுக்காக நடத்தும் கூட்டம் இருந்தால் அதன் தேதியும் இருக்கும். அதற்குள் உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும். குற்றச்சாட்டு வேண்டாம். 'பிரிவு இன்னதில் இவ்வளவு விற்றுமுதல் கேட்பதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன், இதைக் குறைத்தால் போட்டி கூடும்' என்று இரண்டு வரி போதும். இந்தக் கட்டத்தில் ஒரு திருத்த அறிவிப்போடு சரிசெய்துவிடலாம். வேலை ஆணை கொடுத்த பிறகு அதையே சரிசெய்ய பொதுமக்களுக்கு நீதிமன்றம்தான் வழி.

6. முடிந்த பிறகு

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்கள். 'டெண்டர் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்' என்று கேட்டால் உருப்படியாக எதுவும் வராது. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், வேலை ஆணை, பொருள் வந்தபோது எழுதிய ஆய்வறிக்கை, பணம் வழங்கிய பில் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசி இரண்டும் மிக முக்கியம். டெண்டரில் கேட்ட தரம் கிடங்குக்கு வந்து சேர்ந்ததா என்பது அவற்றில்தான் தெரியும். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுத்தால், பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்று அதே பிரிவில் இருப்பதைச் சுட்டிக்காட்டி முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: டெண்டர் மதிப்பு என்ற இடத்தில் எதுவுமே இல்லையே, 30 சதவீதத்தை எதில் கணக்கிடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். டெண்டர் போடுகிறவர்கள் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைப் (ஈஎம்டி) பாருங்கள். தமிழ்நாட்டில் அது வழக்கமாக மதிப்பில் 1 சதவீதத்துக்குள் இருக்கும். 50,000 ரூபாய் என்றால் வேலை 50 லட்சத்துக்குக் குறையாது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஒப்பந்தக்காரர் அல்லாதவர் முறையீடு செய்யலாமா? ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் உள்ள மேல்முறையீடு டெண்டரில் கலந்துகொண்டவர்களுக்கு மட்டும், அதுவும் டெண்டரை ஏற்ற ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள். ஆனால் டெண்டர் கோரும் அதிகாரிக்குக் கடிதம் எழுத யாருக்கும் தடையில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் தகவல் அறியும் உரிமை மனு போடும்போது அந்தக் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கையின் நகலையும் கேட்கலாம்.