பொங்கல் பந்தயத்துக்கு 100 மீட்டர்: முப்பதைத் தாண்டியவர்களுக்கான பயிற்சி

மதுரைப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டங்கள் ஓடி முடித்ததும் 'பெரியவங்களுக்கு' என்று ஒரு நூறு மீட்டர் வைப்பார்கள். பாதித் தூரத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஆள் எப்படியும் ஒருவர் இருப்பார். அது நீங்களாக இருக்க வேண்டாம் என்றால் அக்டோபரிலேயே தொடங்குங்கள். சர்க்கரை, பிரஷர், நெஞ்சுவலி ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இடமும் அளவும்

ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் செயற்கை ஓடுதளம் இருக்கிறது. அது தூரம் என்றால் பள்ளி மைதானமோ கண்மாய்க்கரை மண்பாதையோ போதும். கொத்தனார் வைத்திருக்கும் 100 அடி டேப் 30 மீட்டருக்குச் சற்று மேல். 328 அடி அளந்தால் நூறு மீட்டர். தார் ரோடு மட்டும் வேண்டாம், கெண்டைக்கால் தாங்காது.

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் வரை போனவர். அதைப் பார்த்து நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடலாமா? சின்ன வயதிலிருந்து பழகிய கால் வேறு, ஆபீஸ் நாற்காலியில் இருந்த கால் வேறு. சாதாரண ஓட்ட ஷூ வாங்குங்கள். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ இப்போதைக்குத் தேவையில்லை.

முதல் நான்கு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். பத்து நிமிடம் மெல்லோட்டம், காலை முன்னும் பின்னும் வீசுவது, முழங்காலை உயர்த்தித் துள்ளுவது. பிறகு 60 மீட்டரை முக்கால் வேகத்தில் ஐந்தாறு முறை. முடிவில் பஸ்கி, குதிகாலை உயர்த்தி இறக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. மார்கழிக் குளிரில் உடலைச் சூடாக்க இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் வேகம்

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வேர்த்துக் கொட்டினால்தான் பயிற்சி என்று நினைத்து, மூச்சு வாங்க வாங்க அடுத்த ஓட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். அப்படி ஓடினால் தம் கூடும், வேகம் கூடாது. முழு வேகத்துக்குத் தசையில் இருப்பில் உள்ள சக்தி சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அது திரும்ப நிறையச் சில நிமிடங்கள் வேண்டும். அதனால் பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் 30 மீட்டர் நான்கு முறை, நடுவில் மூன்று நிமிடம். இன்னொரு நாள் 60 மீட்டர் மூன்று முறை, நடுவில் ஆறு நிமிடம். மூன்றாவது நாள், முதல் மாதம் செய்த அதே பயிற்சி. பார்க்கிறவர்கள் "என்னண்ணே, சும்மாவே நிக்கிறீங்க?" என்பார்கள். நில்லுங்கள். ஓடி முடிக்கும் நேரம் குறையாமல், கூடத் தொடங்கினால் அன்றைக்கு அத்தோடு சரி.

கிளம்பும்போது உடல் முன்னால் சாய்ந்திருக்கட்டும், கால் தரையைப் பின்னால் தள்ளட்டும். முதல் எட்டிலேயே நிமிர்ந்துவிடாதீர்கள். கண்மாய்க்கரைக்கு ஏறும் சரிவில் 20 மீட்டர் ஓடிப் பழகினால் இந்தச் சாய்வு தானாக வரும்.

பின்தொடையில் 'சுருக்'கென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அன்றைக்கே எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்க வேண்டாம். கிழிந்த சதையை அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடும்.

பந்தய நாள்

முந்தைய இரண்டு நாள் ஓடவே வேண்டாம். சர்க்கரைப் பொங்கல் பந்தயம் முடிந்த பிறகு. கடைசி இருபது மீட்டரில் வேகம் குறைவது எல்லோருக்கும் உண்டு. 2009-இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட்டுக்கே 60 முதல் 80 மீட்டர் வரைதான் உச்ச வேகம். பல்லைக் கடித்தால் தோள் இறுகும், நடை குறுகும். தாடையைத் தளர விட்டு, கோட்டுக்கு அப்பால் பத்து மீட்டர் தள்ளி ஒரு மரத்தைக் குறிவைத்து ஓடுங்கள். முறைப்படி பார்த்தால் கையோ தலையோ கோட்டைத் தொடுவது கணக்கில்லை, உடம்பு தாண்ட வேண்டும்.