“உனக்கா ஆட்டிசம்?” என்று கேட்பதற்கு முன்னால்

முப்பது, நாற்பது வயதில் ஒரு பெண் தனக்கு ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும், சத்தம், வெளிச்சம் போன்றவற்றை உணர்வதும் பிறவியிலேயே வேறு விதமாக அமைவது) என்று தெரியவந்ததைச் சொன்னால், பலர் வாயில் முதலில் வருவது “உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே” என்பதுதான். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அப்படித் தெரியாமல் இருக்கத்தான் அவர் சின்ன வயதிலிருந்து பாடுபட்டிருக்கிறார். எங்கே சிரிப்பது, எவ்வளவு நேரம் முகம் பார்ப்பது என்று மற்றவர்களைப் பார்த்துப் பழகி, நடித்துச் சமாளிப்பதை மாஸ்கிங் என்கிறார்கள். அதைப் பாராட்டுவதை விட்டு, “எதெல்லாம் கஷ்டமா இருக்கு?” என்று கேட்கலாம்.

“இத்தனை வருஷம் எந்த டாக்டரும் சொல்லலையே” என்பது அடுத்த தவறு. ஆட்டிசத்தைப் பற்றி 1943இல் எழுதிய மனநல மருத்துவர் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். மறு வருடம் ஆஸ்திரிய மருத்துவர் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வருமே பையன்கள். ஆட்டிசம் என்றாலே பையன்கள் என்ற பார்வை அப்படியே வேரூன்றிவிட்டது. பெண்களைப் பதற்றம், மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரையோடு அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. வயது வந்தவர்களைப் பரிசோதித்துப் பழகிய மனநல மருத்துவரைத் தேடித் தருவது பெரிய உதவி.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமானது, ஒருவர் செய்து காட்டியதை வைத்து அவரால் முடியாததை நம்ப மறுப்பது. கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் உறுத்தும் ஜரிகை, காதருகே கெட்டிமேளம், கண்ணைக் கூசவைக்கும் வீடியோ லைட், நடுவே “என்னை யாருன்னு தெரியுதா?” என்று கன்னத்தைக் கிள்ளும் பெரியம்மா. அத்தனையையும் சிரித்த முகத்தோடு தாண்டிவிட்டு, மறுநாள் முழுக்க வாய் திறக்க முடியாமல் படுத்திருப்பார். நாமோ, “நேத்து நல்லாத்தானே இருந்தே, இன்னிக்கு என்ன திமிர்?” என்போம். முகூர்த்தத்துக்கு மட்டும் வந்து போகட்டுமே, பந்தி வரை உட்கார்ந்தே ஆக வேண்டுமா என்ன?

பாலின அடையாளம், அதாவது தான் ஆணா, பெண்ணா, இரண்டும் அல்லாதவரா என்று ஒருவர் தன்னை உணர்வது, என்று வந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. 6 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவை வைத்து 2020இல் வந்த ஆய்வு, திருநர்கள் உள்ளிட்ட பால்பன்மையினரிடையே (பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்தோடு தங்கள் அடையாளம் ஒத்துப்போகாதவர்கள்) ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் காணப்படுவதாகச் சொன்னது. உடனே சிலர், “ஆட்டிசத்தால வந்த குழப்பம், சரியாயிடும்” என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. ஆட்டிசம் இருப்பவருக்குத் தான் யார் என்று தெரியாது என்று நினைப்பதே அவமதிப்பு. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்பவரிடம் கூட்டிப்போகவும் வேண்டாம். திருநர்களின் பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்யும்படி 2021இலேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

அப்புறம், அவர் பக்கத்திலேயே இருக்க, அம்மாவிடமோ கணவரிடமோ “இவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள். அவரைக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பேச வராத நேரத்தில் வாட்ஸ்அப்பில் எழுதட்டும். நம்பிச் சொன்னதை அனுமதி இல்லாமல் உறவுக்காரர்களிடம் கொண்டுபோகாதீர்கள். பாலின அடையாளமும் சேர்ந்து வெளியே தெரிந்தால் வீட்டையே இழக்கிறவர்கள் உண்டு.

“சாயங்காலம் வரேன்” என்பதற்குப் பதில் “6 மணிக்கு வரேன், அரை மணி நேரம் இருப்பேன், கூட யாரும் வரல” என்று சொல்லிப் பாருங்கள். நேரம் மாறினால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.