சைக்கிளில் புதுச்சேரி: கிளம்பும் முன்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மேடு அதிகமில்லை, வெயிலும் எதிர்க்காற்றும்தான் சோதிக்கும். ஜனவரியில் போனால் வடகிழக்குக் காற்று பெரும்பாலும் முதுகைத் தள்ளும்.

இரண்டு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்கி, வார இறுதித் தூரத்தை 40 கிலோமீட்டரிலிருந்து மெல்லக் கூட்டுங்கள். மாமல்லபுரம் போய்த் திரும்பினால் நூறு ஆகிவிடும். அதைக் கட்டாயம் குழுவாகவே செய்யுங்கள். யார் எப்போது களைக்கிறார் என்பது அன்று தெரிந்துவிடும். மெதுவாக மிதிப்பவரை முன்னால் விடுங்கள், அவருடைய வேகமே எல்லோருக்கும் வேகம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மரக்காணம் உப்பளப் பகுதியில் நிழல் குறைவு. உச்சி வெயிலுக்குள் அதைக் கடக்க, விடியும் முன்பே விளக்குகளுடன் கிளம்புங்கள். அவரவர் டயர் அளவுக்கேற்ற மாற்று டியூப் அவரவர் பையில் இருக்கட்டும்.