நின்றுபோன பிள்ளைகளிடம் முதலில் கேளுங்கள்: பதின்வயதினர் நிகழ்ச்சிகளை மதிப்பிட ஒரு குழு

எங்கள் பகுதி நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை மாலைகளில் ஓவிய வகுப்பு நடந்தது. பதிவேட்டில் 24 பெயர்கள். நான் போய் உட்கார்ந்த அன்று வந்திருந்தவர்கள் 7 பேர். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை" என்றார் நடத்துபவர். சரி, அவர்களிடமே கேட்டுவிடுவோம் என்று நின்றுபோனவர்களில் ஐந்து பேரைத் தேடிப் போனேன். மூன்று பெண்பிள்ளைகள் சொன்ன காரணம் ஒன்றேதான். வகுப்பு முடியும்போது இருட்டிவிடுகிறது, திரும்பி வரும் தெருவில் விளக்கு எரிவதில்லை. ஓவியம் அவர்களுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

அந்த ஒரு மாலையிலிருந்துதான் எங்கள் குழு பிறந்தது. உங்கள் பகுதியிலும் தொடங்க நினைத்தால், எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

எட்டு பேர் போதும். அதில் பாதிப்பேர் 13 முதல் 18 வயதுக்குள் இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கவும் உரிமை உண்டு என்று ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 12-ஆவது பிரிவில் சொல்கிறது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக விளக்கினார். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பேசவைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. அதனால் எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு. கூட்டத்தில் முதலில் பேசுவது பிள்ளைகள். பெரியவர்கள் பேசிவிட்டால் அப்புறம் அவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். நன்றாகப் படிக்கும், மேடையில் பேசும் பிள்ளைகளை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். எதற்குமே வராத ஒருவராவது குழுவில் வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் குழுவில் இருக்கலாம், ஆனால் தங்கள் நிகழ்ச்சியைப் பற்றிய முடிவில் ஓட்டுப் போடக்கூடாது.

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையுடன் தனியாகப் போகும் நிலை வரவே கூடாது. யாராவது பாதுகாப்பு சம்பந்தமாக எதையாவது சொன்னால் யாரிடம் கொண்டுபோவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் கூட்டத்தில் ஒரு பெரிய தாளில் உங்கள் பகுதியைக் கையால் வரையுங்கள். விளையாட்டு, இசை, கணினி வகுப்பு, சும்மா உட்கார்ந்து பேசும் இடம் என எல்லாவற்றையும் குறித்து, பக்கத்தில் நாள், நேரம், கட்டணம், எப்படிப் போவது என்று எழுதுங்கள். எங்கள் தாளில் பிள்ளைகள் சிவப்புப் பேனாவால் தாங்கள் நடக்கப் பயப்படும் தெருக்களையும் வரைந்தார்கள். நாங்கள் பெரியவர்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை.

அப்புறம் நேரில் பார்ப்பது. இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும், நடத்துபவரிடம் முன்பே சொல்லிவிட்டு, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்காருங்கள். கேள்விகள் அரைப் பக்கத்துக்குள் அடங்கட்டும். புதிதாக வந்த பிள்ளையிடம் யார் பேசினார்கள்? எத்தனை பேர் சும்மா நின்றார்கள்? ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளே முடிவு செய்தார்களா? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை உள்ளே நுழைய முடியுமா?

ஒரு மணி நேரக் கால்பந்துப் பயிற்சிக்குப் போனபோது, எங்கள் குழுப் பையன் வரிசையில் கடைசியாக நின்றவனை மட்டும் கைக்கடிகாரத்தோடு கவனித்தான். அவன் ஓடியது 11 நிமிடம். மீதி நேரம் தன் முறைக்காகக் காத்து நின்றான். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயிற்சியாளரிடம் அந்தத் தாளைக் காட்டினோம். அடுத்த வாரமே ஒரே வரிசையை நான்கு சிறு குழுக்களாகப் பிரித்துவிட்டார்.

வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். நின்றுபோனவர்களையும் வராதவர்களையும் தேடிப் போங்கள். "ஏன் வரலை?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். "கடைசியாக வந்த நாளில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். இந்த உரையாடலைக் குழுவிலுள்ள பிள்ளைகளே நடத்தட்டும், பெரியவர்கள் கண்ணெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். குறிப்பில் பெயர் எழுத வேண்டாம்.

அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். ஊருக்குச் சொல்லும் முன் நடத்துபவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சம்பளமில்லாமல், சொந்த நேரத்தைக் கொடுத்து நடத்துகிறவர்கள் அவர்கள். எது நன்றாக நடக்கிறது என்பதை முதலில் எழுதி, அப்புறம் மாற்றக்கூடிய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். போட்டால் எல்லோரும் எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். ஓவிய வகுப்பை ஒன்றரை மணி நேரம் முன்னதாக மாற்றியிருந்தார்கள். நாங்கள் போன அன்று 15 பேர் இருந்தார்கள், அந்த மூன்று பெண்பிள்ளைகளில் இருவர் உட்பட. மூன்றாமவளுக்கு அந்த நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தம்பியையும் கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறாள். அடுத்த கூட்டத்தில் நாங்கள் பேசப்போவது அதைத்தான்.